லிஃப்டுக்காரர் தலைக்குள் ஒரு வெள்ளை வளையம்

லிஃப்டுக்காரர் என்றால் அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவர். ஏழு மாடியோ பன்னிரண்டு மாடியோ, எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் மக்கர் பண்ணினாலும் உள்ளே ஏறி நின்று கண்ணை மூடிக் கேட்பார். "மோட்டார் நல்லாத்தான் இருக்கு. மேல உருளைதான் அழுவுது" என்பார். மேலே போய்ப் பார்த்தால் உருளைதான் தேய்ந்திருக்கும். காதுக்குச் சரிசமமாக வாயும் உண்டு. மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதற்குள் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றே நாலு கதை சொல்லிச் சிரிக்கவைத்துவிடுவார். "பாதி வேலைய வாயாலயே முடிச்சிருவாரு" என்று கம்பெனியில் கேலி செய்வார்கள்.

அந்த வாயில்தான் முதலில் கோளாறு தெரிந்தது.

ஒன்பது மாடி அலுவலகக் கட்டடம். காலை பத்து மணி இருக்கும். லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் உட்கார்ந்து, அவரும் கூட்டாளியும் தண்டவாளத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்கள். "அந்தக் குடைய எடு" என்றார் லிஃப்டுக்காரர்.

கூட்டாளி சிரித்தார். "ஏன் அண்ணே, உள்ள மழையா பெய்யுது?"

"குடைடா. குடை." அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கண்ணுக்கு எதிரே கிடந்த ஸ்பேனரைத்தான் கேட்கிறார், வாய் குடை என்கிறது. மூன்றாவது தடவை கேட்கும்போது வலது கை தானாக வெட்டி இழுக்க ஆரம்பித்தது. கூட்டாளிக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும். நிறுத்தும் பொத்தானைத் தட்டிவிட்டு, அவருடைய இடுப்பு பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஆள் வந்து இறக்குகிற வரைக்கும் விடவில்லை. லிஃப்டுக்காரரின் மனைவி பின்னால் பலமுறை சொன்ன கணக்கு இது: அன்றைக்கு அந்தக் கை பெல்ட்டை விட்டிருந்தால் கதை ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

மூளையின் இடது பக்கம், பேச்சு பிறக்கிற இடத்தை ஒட்டி, எலுமிச்சம்பழ அளவுக்குக் கட்டி. தலையைத் திறந்து முக்கால்வாசியை எடுத்தார்கள். மிச்சத்தைத் தொட்டால் பேச்சே போய்விடும் என்று அறுவை டாக்டர் நிறுத்திக்கொண்டார். அந்த மிச்சத்துக்குத்தான் கதிர் சிகிச்சை. வாரத்தில் ஐந்து நாள் வீதம் ஆறு வாரம், மொத்தம் முப்பது தடவை.

கண்விழித்தபின் வார்த்தைகள் திக்குக்கொன்றாகச் சிதறிக் கிடந்தன. தண்ணீர் வேண்டுமென்றால் "ஜன்னல்" என்பார். மகளைக் கூட்டாளி பெயர் சொல்லிக் கூப்பிடுவார். மனைவி ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்தவள். நூறு பிள்ளைகளின் புரியாத கையெழுத்தைப் படித்துப் பழகியவள். "அவரு ஜன்னல்னா தண்ணி, செருப்புன்னா டாக்டர்" என்று வீட்டுக்கு வந்தவர்களுக்கு விளக்குவாள். டாக்டருக்கு முன்னால் மட்டும் அதைச் சொல்லமாட்டாள்.

கதிர் கொடுக்கும்போது தலை இம்மியும் அசையக்கூடாது. அதற்காக வெந்நீரில் ஊறவைத்த பிளாஸ்டிக் வலையை முகத்தின்மேல் போட்டு அழுத்துவார்கள். கொஞ்ச நேரத்தில் அவரவர் மூக்கும் தாடையும் பதிந்து அது இறுகிவிடும். ஒவ்வொரு நாளும் அதைப் போட்டு மேசையோடு பூட்டித்தான் கதிர். முதல் நாள் மனைவி அதைப் பார்த்து வெலவெலத்துப் போனாள். அவருக்குப் பெரிதாகப் படவில்லை. இருட்டுக் குழிக்குள் அங்குலம் அசையாமல் நின்று வேலை செய்த உடம்பு அது.

காத்திருக்கும் பெஞ்சில் அவருக்குப் பக்கத்து இடம் ஒரு முடிவெட்டுகிறவருடையது. அவருக்கும் அதே மாதிரி கட்டி. ஆனால் குணத்தில் இன்னும் பொல்லாதது. வயதில் மூத்தவர். முதல் நாளே பேச ஆரம்பித்துவிட்டார். "முப்பது வருஷமா ஊர்க்காரங்க தலையில கை வெச்சேன், தம்பி. கடைசியில என் தலையிலயே கை வெச்சிட்டாங்க."

லிஃப்டுக்காரர் ஆபரேஷனுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். முடிவெட்டுகிறவரிடம் இன்னொரு குணமும் இருந்தது. லிஃப்டுக்காரர் ஒரு வார்த்தைக்குத் தடுமாறும்போது மற்றவர்கள் எல்லோரும் எடுத்துக் கொடுப்பார்கள். இவர் கொடுக்கமாட்டார். கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு வாடிக்கையாளர் தலையை நிமிர்த்தும்வரை காத்திருப்பதுபோல் சும்மா இருப்பார். அந்த வார்த்தை தானே வந்து சேர அரை நிமிடம் ஆனாலும் சரி. "பேச்சுப் பயிற்சி கொடுத்தவங்க பாதி, அந்த அண்ணன் பாதி" என்று லிஃப்டுக்காரர் இன்றைக்கும் சொல்வார்.

கதிர் முடிந்தது. பேச்சு ஓரளவு திரும்பியது. ஏழு மாதம் நன்றாகப் போயிற்று. பிறகு தலைவலி வந்தது. சட்டைப் பொத்தான் போட வலது கை மக்கர் பண்ணியது. ஸ்கேன் எடுத்தார்கள். பழைய இடத்தில் பளீரென்று ஒரு வெள்ளை வளையம், சுற்றிலும் வீக்கம்.

அறுவை டாக்டர் படத்தை வெகுநேரம் பார்த்தார். "திரும்ப வளந்திருக்குன்னுதான் தோணுது. இன்னொரு ஆபரேஷன் பண்ணணும்."

"பேச்சு?" என்று மனைவி கேட்டாள்.

"இந்தத் தடவை உறுதி சொல்ல முடியாதும்மா."

வெளியே வந்து மனைவியின் தம்பியுடைய டாக்சியில் ஏறி உட்கார்ந்தார்கள். மச்சினன் சாவியைப் போட்டுவிட்டு வண்டியை எடுக்காமலே இருந்தான். "மாமா, வேற யாரையாவது ஒரு வார்த்தை கேக்கலாமா?" என்றான். அவர்கள் யாரையும் தேடிப் போகவில்லை. மறுநாளே அதே ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஸ்கேன் படம் பார்த்துச் சொல்கிற டாக்டர், ஒரு பெண், வரச் சொன்னார்.

அவருடைய அறை தரைக்குக் கீழ்த்தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. இரண்டு பெரிய திரை, ஆறிப்போன டீ. அவர் சுற்றி வளைக்கவில்லை. "கட்டி திரும்ப வந்தாலும் இப்படி வெள்ளை வளையம் தெரியும். கதிர் பட்ட இடம் புண்ணாகி வெந்துபோனாலும் இப்படியே தெரியும். சாதாரண ஸ்கேன் ரெண்டையும் பிரிச்சுக் காட்டாது. நாங்க ஒரு ஆராய்ச்சி பண்றோம். அந்த இடத்துக்கு எவ்வளவு ரத்தம் போகுதுன்னு அளக்கிற ஸ்கேன். வளர்ற கட்டி ரத்தத்தை இழுக்கும். வெந்த இடம் அவ்வளவா இழுக்காது. அப்படித்தான் நினைக்கிறோம். நிரூபிக்க இன்னும் ஆளுங்க வேணும். இதனால உங்களுக்கு நல்லது நடக்கும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்."

லிஃப்டுக்காரர் திரையைப் பார்த்தபடி இருந்தார். வார்த்தைகளை ஒவ்வொன்றாகக் கோத்தார். "பெட்டிக்குள்ள நின்னா... சில நேரம் எனக்கே... மோட்டார் சத்தமும்... கயிறு சத்தமும்... ஒரே மாதிரிதான் கேக்கும். பக்கத்துல போய்... காது வெச்சாத்தான்... எதுன்னு தெரியும்."

"அதேதான் சார்."

"அப்ப வெச்சுப் பாருங்க."

ஒன்பது பக்கப் படிவத்தை மனைவி வரி விடாமல் படித்துவிட்டுத்தான் அவர் கையில் பேனாவைக் கொடுத்தாள். குழாய்க்குள் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருபது நிமிடம் படுக்கவேண்டியிருந்தது. கை நரம்பில் மருந்து ஏறிய குளிர்ச்சி தோள் வரைக்கும் தெரிந்தது. வெளியே வந்ததும் ஸ்கேன் எடுத்தவரிடம் லிஃப்டுக்காரர் முதலில் சொன்னது, "அங்க பின்னால... ஏசி... பேரிங் போகுது" என்பதுதான். அடுத்த வாரம் ஏசி நின்றுபோனது. அன்றிலிருந்து அந்த அறையில் அவருக்குத் தனி மரியாதை.

அந்த இடத்துக்கு ரத்தம் குறைவாகத்தான் போகிறது என்று வந்தது. டாக்டர்கள் கூடிப் பேசினார்கள். அறுவை டாக்டர் நேர்மையான மனிதர். "எனக்கு முழு நம்பிக்கை இல்ல. ஆனா ஆறு வாரம் பொறுக்கலாம். நடுவுல மோசமானா அன்னிக்கே ஆபரேஷன்" என்றார். வீக்கம் குறைக்க மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அந்த ஆறு வாரம் வீட்டில் யாருக்கும் மறக்காது. மாத்திரையால் முகம் பூசணிக்காயாக ஊதியது. எந்நேரமும் பசி. தொட்டதற்கெல்லாம் கோபம். மகள் தட்டில் கரண்டி வைத்த சத்தத்துக்கு அவளை வாய்க்கு வந்தபடி திட்டினார். தண்ணீர் கேட்கத் தடுமாறுகிற நாக்கு, திட்டும்போது ஓர் இடத்திலும் தடுக்கவில்லை. மனைவி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இதுக்கு மட்டும் வார்த்தை வரிசை கட்டி நிக்குதே" என்றாள். அழுதுகொண்டிருந்த மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் வெட்கப்பட்டுப்போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். மன்னிப்பு என்ற சொல் அகப்படவில்லை. தன் தட்டில் இருந்ததில் பாதியை எடுத்து அவள் தட்டில் வைத்தார். பசியால் துடிக்கிற மனிதர் அப்படிச் செய்தது அவளுக்குப் போதுமாக இருந்தது.

ஆறு வாரம் கழித்து எடுத்த படத்தில் வளையம் மூன்றில் ஒரு பங்கு சுருங்கியிருந்தது. கட்டி அப்படித் தானாகச் சுருங்காது. அது கதிரின் காயம். முடிவைச் சொல்ல அறுவை டாக்டரே வராந்தாவுக்கு நடந்து வந்தார். "நல்லவேளை, நான் கத்திய எடுக்கல" என்று லிஃப்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். மனைவி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அதே மாதம் முடிவெட்டுகிறவருக்கும் ஒரு வெள்ளை வளையம் தெரிந்தது. அவரும் கையெழுத்துப் போட்டு அதே ஸ்கேனில் படுத்தார். அவருக்கு ரத்தம் நிறைய போகிறது என்று வந்தது. ஆபரேஷன் செய்தார்கள், கட்டிதான். போனில் அவரே சொன்னார்: "உனக்குக் கரி, எனக்குக் கங்கு, தம்பி. வித்தியாசம் அவ்வளவுதான்." லிஃப்டுக்காரருக்குப் பதில் வரவில்லை. மறுமுனையில் அவர் வழக்கம்போல் காத்திருந்தார். நான்கு மாதத்தில் அவர் போய்விட்டார்.

வலிப்பு வந்தவர் உயரத்தில் வேலை செய்யக்கூடாது. கம்பெனி லிஃப்டுக்காரரைப் புகார் வாங்கும் போனில் உட்காரவைத்தது. பேச்சு தடுக்கிறவருக்குப் போன் வேலையா என்று எல்லோரும் சிரித்தார்கள். அவர் அதிகம் பேசவேயில்லை. "போன... கதவு பக்கம்... பிடிங்க" என்பார். அரை நிமிடம் கேட்டுவிட்டு, எந்த உதிரிப்பாகத்தோடு ஆள் போகவேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுப்பார். பத்துக்கு எட்டுத் தடவை சரியாக இருக்கும். இரண்டாம் தடவை ஆள் அனுப்புகிற வேலை கம்பெனிக்குப் பாதியாகக் குறைந்தது.

இரண்டு வருடம் கழித்து ஆராய்ச்சியின் முதல் கட்டம் முடிந்தது. பங்கெடுத்த நோயாளிகளையும் குடும்பங்களையும் டாக்டரம்மா ஒரு சின்ன அரங்குக்குக் கூப்பிட்டு, டீ கொடுத்து, என்ன தெரியவந்தது என்று எளிமையாகச் சொன்னார். நாற்பத்து மூன்று பேர், அதில் பதினாறு பேருக்குக் கட்டி. திரையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வளையம். இது கட்டி, இது காயம். பெயர் கிடையாது, எண் மட்டும்.

லிஃப்டுக்காரர் கை தூக்கினார். "அந்த... முடிவெட்டுற அண்ணன்... அதுல இருக்காரா?"

"யாரோட படம்னு நான் சொல்லக்கூடாது சார்" என்றார் டாக்டரம்மா. கொஞ்சம் யோசித்துவிட்டுத் தொடர்ந்தார். "ஆனா ஒண்ணு சொல்றேன். காயம்னு வந்தவங்க படம் மட்டும் இருந்திருந்தா எங்களுக்கு எதுவும் தெரிஞ்சிருக்காது. கட்டின்னு வந்தவங்க படத்தோட ஒப்பிட்டுப் பாத்துத்தான் கோடு எங்க போடணும்னு கத்துக்கிட்டோம். இனிமே வர்றவங்களுக்கு அந்தப் பதினாறு பேர்தான் வழி காட்டுறாங்க."

இதை முடிவெட்டுகிறவரின் மனைவியிடம் சொல்லியே ஆகவேண்டும் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை லிஃப்டுக்காரர் தன் மனைவியோடு அவர்கள் வீட்டுக்குப் போனார். கடையை வாடகைக்கு விட்டுவிட்டு அந்த அம்மா மேல்தளத்தில் இருந்தார்கள். லிஃப்டுக்காரர் தொடங்கினார், வார்த்தை சிக்குகிற இடத்தில் மனைவி முடித்தாள்.

அந்த அம்மா முழுவதையும் கேட்டார்கள். "கட்டின்னு தெரிஞ்சப்புறமும் அவரு அந்த ஸ்கேனுக்கு ரெண்டு தடவை போனாரு, தெரியுமா?" என்றார்கள். "நடக்கவே முடியல. உங்களுக்கு அதுல என்ன பிரயோசனம்னு சண்டை போட்டேன். எனக்கு இல்லாட்டி என்ன, எவன் தலைக்காவது ஆகட்டும்னாரு. நான் அப்ப ஒரு வாரம் பேசல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். "அது வீணாகலன்னு சொல்றீங்க."

"வீணாகல" என்றார் லிஃப்டுக்காரர். அந்த ஒரு சொல் தடுக்காமல் வந்தது.

இப்போது ஏழாவது வருடம். மிச்சக் கட்டி இருந்த இடத்தில் இருக்கிறது, வளரவில்லை. வருடத்துக்கு ஒரு ஸ்கேன் போதும் என்று போன தடவை டாக்டரம்மா சொன்னார். ஆராய்ச்சியின் அடுத்த கட்டத்துக்கு மட்டும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வேண்டும். அது அவர் விருப்பம். லிஃப்டுக்காரர் பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

பஸ்ஸில் வரும்போது மனைவி கேட்டாள். "இதுக்காக ஒரு நாள் லீவு போடணுமே, பரவாயில்லையா?"

"சும்மா படுத்துக் கெடக்கிற வேலை" என்றார் அவர். "இத விட... லேசா ஒரு வேலை... யாரு குடுப்பாங்க?"

அவள் சிரித்துக்கொண்டே அடுத்த ஸ்கேன் தேதியைத் தன் கைப்பேசியில் குறித்துக்கொண்டாள்.