தாட்பூட் கொடிக்குச் சம்பந்தம்

உச்சிவேளை ஆனதும் போடி கடைத்தெருவில் கிருபாவதியின் குடை விரிந்துவிடும். குடை அவளுக்கல்ல, கையிலிருக்கும் தாட்பூட் பூவுக்கு. வெயிலில் வாடிவிடக் கூடாதாம். அவளுடைய பாத்திரக்கடையில் யாராவது நின்றால், "குடத்தத் தட்டிப் பாத்துக்கிட்டே இருங்க, இந்தா வந்துட்டேன்!" என்று ஒரு குரல். அடுத்த நொடி எதிர்வீட்டுக்கு ஓட்டம்.

தாட்பூட் பழமென்றால், அதுதான் பேஷன் ஃப்ரூட், அவளுக்கு உயிர். மூணாறு எஸ்டேட்டிலிருந்து வந்த ஒரு கொடியை வெட்டி வெட்டி நட்டு, மாடியில் நாலு கொடி ஏற்றிப் பந்தலே போட்டுவிட்டாள். பூவோ பூ. பிஞ்சு மட்டும் ஒன்றுகூட இல்லை. எதிர்வீட்டுக் கஸ்தூரியம்மாள் விதை போட்டு வளர்த்த ஒற்றைக் கொடியும் அப்படித்தான். ஒருத்தி கொடியை ஒருத்தி "மலட்டுக் கொடி" என்று சொல்லப்போய் இருவருக்கும் பேச்சு நின்றது.

கல்லூரியில் தாவரவியல் நடத்தும் கொழுந்தன் ஞானதுரை, சாப்பிட வந்த இடத்தில் பந்தலைப் பார்த்துச் சிரித்தான்.

"மதினி, இது நாலு கொடியில்ல, ஒண்ணுதான். வெட்டி நட்டதெல்லாம் ஒரே ரத்தம். தன் மகரந்தத்தத் தானே ஏத்துக்கிடாது, பிறவிக்குணம். சீமையில செர்ரி மரமும் இப்படித்தான். அதுல தன்னால காய்க்கிற ரகத்தப் புதுசா உண்டாக்கியிருக்காக."

"அது சீமையில. இங்கன நான் என்ன செய்ய?"

"வேற கொடியோட மகரந்தம் வேணும்" என்று எதிர்வீட்டைக் காட்டினான்.

"அங்கனயா? கர்த்தரே!"

சோறு இறங்காமல் தவித்தாள். கடைசியில் ஒரு நாள், அப்போதுதான் விரிந்த பூவோடு போய்க் கதவைத் தட்டினாள்.

"அக்கா, எங்க கொடிக்கு ஒங்க வீட்டுல சம்பந்தம் பேச வந்திருக்கேன்."

கஸ்தூரியம்மாள் முறைக்கத்தான் பார்த்தாள். சிரிப்பு முந்திக்கொண்டது. "மாப்பிள்ளைக்கு மூஞ்சியாவது கழுவிவிட்டுக் கூட்டியாந்தியாடி?"

அன்று தொடங்கியதுதான் இந்தக் குடையோட்டம். இங்கிருந்து பூ அங்கே போகும். அங்கிருந்து பூ இங்கே வரும். பூவோடு பூவை ஒட்டித் தேய்த்துவிட்டு இரண்டு பெண்களும் சின்னப்பிள்ளைகள்போலக் கெக்கலிப்பார்கள்.

சில நாளில், பூ வாடிய காம்பில் பட்டாணி அளவுக்குப் பச்சையாக ஒரு பிஞ்சு. கிருபாவதி போட்ட கூச்சலில், தீப்பிடித்துவிட்டதென்று பக்கத்துக் கடைக்காரர் தண்ணீர் வாளியோடு ஓடி வந்தார். கஸ்தூரியம்மாளோ கை நிறைய உப்பும் மிளகாயுமாக மூச்சிரைக்க மாடியேறினாள். பிஞ்சுக்குக் கண்ணுபட்டுவிடக் கூடாதே!

கிருபாவதி ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவள். திருஷ்டி சுற்றுவதெல்லாம் அவளுக்கு ஆகாது. கைப்பிடிச்சுவரில் எட்டித் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். சபைக்காரர் யாரும் இல்லை. சட்டென்று குனிந்து, பிஞ்சுக்குப் பக்கத்தில் தன் தலையையும் நீட்டினாள்.