ரேயின் பெயரை வானொலி சொன்ன காலை

இன்று காலை, ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகர டிராமில் யாரோ எண்ணெய் பூசிய தோல் காலணியோடு ஏறினார். அவ்வளவுதான், எழுபதுகளின் தொடக்கத்தில் போய் விழுந்தேன். இறங்க வேண்டிய நிறுத்தமும் தப்பிப் போயிற்று. அது பேஸ்பால் கையுறையின் வாசனை. மூக்குக்குத் தேதி தெரியும்போல: இன்று ரேயின் பிறந்தநாள்.

அப்போது நான் மதுரையிலிருந்து பொறியியல் படிக்க வந்தவன். அறைத்தோழர் யாழ்ப்பாணத்துச் செல்வம் அண்ணை, பட்டறையில் தொழில் பழகிக்கொண்டிருந்தார். அமெரிக்கச் சிப்பாய்களுக்கான வானொலி எங்கள் அறையிலும் எடுக்கும். காலையில் வானிலை சொல்லி முடித்ததும், பழைய தொழில்முறை பேஸ்பால் ஆட்டக்காரர்களில் அன்று பிறந்தவர்களின் பெயரை வாசிப்பார்கள். ஒருத்தரையும் நாங்கள் அறியோம். இருந்தாலும் முகத்தில் சவர நுரையோடு ஓடிவந்து நிற்போம். வயதைக் கேட்டுவிட்டு, "நல்லா இருக்கட்டும் மனுசன்" என்று அண்ணை வானொலிப் பெட்டியைத் தட்டிக்கொடுப்பார்.

அந்தப் பைத்தியம்தான் சனிக்கிழமைகளில் எங்களை அந்தச் சிப்பாய்களின் முகாம் மைதானத்துக்கு இழுத்துப்போனது. அங்கே ரே இருந்தார்: முகாமின் சலவைக்கூடத்தைப் பார்த்துக்கொள்பவர், ஒரு காலத்தில் இடக்கையால் பந்தெறிந்தவர். எனக்கு வாய்த்த முதல் அடி! பந்து பறந்தது, நானும் பறந்தேன், கையில் மட்டையோடு. "மட்டையைப் போடு!" என்று மைதானமே கத்தியது. கிரிக்கெட்டில் வளர்ந்தவன் மட்டையைப் போடுவானா? கடைசியில் குனிந்து நீட்டி, ஓடிச் சேர வேண்டிய மெத்தையான பேஸை மட்டை நுனியால் தொட்டுவிட்டு நிமிர்ந்தேன். ரே தரையில் உட்கார்ந்து சிரித்தார். பேஸைக் காலால் மிதிக்க வேண்டுமாம்; அதற்குள் நான் அவுட்.

அவரும் தொழில்முறையில் ஆடியவர்தான், ஒரே ஒரு கோடை. "அதை யார் ஞாபகம் வச்சிருப்பா?" என்பார். ஆனால் பிறந்தநாளன்று மட்டும் யந்திரங்களை நிறுத்திவிட்டு வானொலியைக் கேட்பாராம். பெயர் ஒருமுறையும் வந்ததில்லை.

"இந்த முறை வரவேணும்" என்றார் அண்ணை.

"நம்ம சொன்னா கேப்பாங்களாண்ணே?"

"கேட்டுப் பார்ப்பம். உனக்குத்தானே இங்கிலீசு ஓடும், நீ கதை."

தொலைபேசிக் கூண்டுக்குள் இருவரும் நெருக்கியடித்து நின்றோம். வானொலி அறிவிப்பாளர் ரேயின் அணியைக் கேட்டார், சொன்னேன். எப்படி ஆடினார் என்று கேட்டார். பதற்றத்தில், "நிறைய விக்கெட் எடுத்தார்" என்றேன். பேஸ்பாலில் ஏது விக்கெட் என்று அறிவிப்பாளர் யோசித்திருக்க வேண்டும். பிறகு, "பார்க்கலாம்" என்று வைத்துவிட்டார்.

"நல்லாக் கெடுத்தாய் தம்பி" என்றார் அண்ணை.

மறுநாள் ரேயின் பிறந்தநாள், விடிந்ததும் சலவைக்கூடம். நீராவி, சோப்பு மணம், நின்றுபோன யந்திரங்கள். பெயர்கள் வந்தன, ஒன்று, இன்னொன்று, முடிந்தது. பாட்டு தொடங்கியது. ரே இஸ்திரிப் பெட்டியை எடுத்து ஒரு சட்டையின் மேல் வைத்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பாட்டு பாதியில் தேய்ந்தது. "இன்னும் ஒருவர் இருக்கிறார்" என்றது குரல். "இடக்கைக்காரர். ஒரு கோடை ஆடினார். நிறைய விக்கெட் எடுத்ததாக அவருடைய அணியினர் இருவர் சொல்கிறார்கள்." பிறகு ரேயின் முழுப்பெயர், ஒவ்வோர் எழுத்தும் கணீரென்று.

ரே அசையவில்லை. கை மட்டும் இஸ்திரிப் பெட்டியை இறுகப் பிடித்திருந்தது. அடியில் சட்டை புகைந்தது.

"ரே, மட்டையைப் போடு!" என்று கத்தினார் அண்ணை.

இப்போது முகாம் போய்விட்டது, மைதானத்தில் அடுக்குமாடி வீடுகள், பால்கனிகளில் சட்டைகள் காய்கின்றன. ரே ஊர் திரும்பினார், அண்ணை கனடா போனார். அந்த அலைவரிசையில் இரைச்சல்தான். இருந்தும் இன்று வீடு வந்ததும் வானொலிப் பெட்டியைத் திருகினேன். இரைச்சல் சற்றே தேய்ந்த இடத்தில், ரேயின் முழுப்பெயரை நானே சத்தமாக வாசித்தேன்.