வரப்புக்கு அந்தப் பக்கத்து டீசல்

எங்கம்மா அம்மணியைப் பற்றிக் கரையாம்புத்தூரில் யாரிடம் கேட்டாலும், "யப்பா, வாயா அது!" என்பார்கள். மூக்கு நுனியில் கோபம் என்பார்கள். கோபப்படாமல் என்ன செய்வாள்? நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே சொல்லுங்கள்.

ஊரின் கடைசி வயல் எங்களுடையது. வரப்புக்கு இந்தப் பக்கம் பாண்டிச்சேரி, அந்தப் பக்கம் தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் எந்தக் காலத்திலோ கிழித்துவிட்டுப் போன கோடு அது. அந்தப் பக்கத்து நிலம் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி, என் தாய்மாமன் ஆதிமூலத்துடையது. பக்கத்து வயல்காரனுக்கே மகளைக் கட்டிக்கொடுத்தால் கண் பார்வையில் இருப்பாள் என்று தாத்தா நினைத்திருக்கிறார். அப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட, அம்மாதான் தனியாளாகப் பயிர் வைத்தாள்.

முன்பெல்லாம் மாட்டைப் பூட்டி, சால் என்கிற பெரிய வாளியால்தான் கிணற்றில் தண்ணீர் இறைப்பார்கள். அப்புறம் விவசாய ஆபீசிலிருந்து வந்தார்கள். புது ரக நெல் போடு, யூரியா போடு, ஆயில் எஞ்சின் வை, மூட்டை மூட்டையாக அறுக்கலாம் என்றார்கள். அறுத்தோம், பொய் சொல்லக் கூடாது. ஆனால் அந்த நெல் குடித்த தண்ணீர் இருக்கிறதே! எல்லார் கிணறும் இறங்கியது. நாங்களும் வெட்டி ஆழமாக்கினோம். எஞ்சின் வந்தபோதே மாடுகளை விற்றாயிற்று. மாடு இருந்தாலும் அந்த ஆழத்துக்குச் சால் எட்டாது. டீசல் இருந்தால்தான் தண்ணீர் என்றாகிவிட்டது.

எழுபத்து மூன்றில் எகிப்தும் சிரியாவும் இஸ்ரேலோடு மோதின. அரபு நாடுகள் எண்ணெயையே ஆயுதமாக எடுத்தன. உனக்குத் தர மாட்டேன், உனக்கும் தர மாட்டேன் என்று குழாயை மூடின, விலையை நாலு மடங்கு ஏற்றின. அதனால் எந்தப் பெரிய நாட்டுக்காரனின் கார் நின்றதோ எனக்குத் தெரியாது. எங்கள் எஞ்சின் நின்றது. அடுத்த பங்குனியில், நெல் பால் பிடிக்கிற நேரம் பார்த்து, டீசல் சுத்தமாகக் கிடைக்கவில்லை.

அந்த அறுவடையை நம்பித்தான் வைகாசியில் எனக்குக் கல்யாணம் வைத்திருந்தாள் அம்மா. நெல் பதராகப் போனால் கல்யாணம் நிற்கும். வயல் வெடிக்கத் தொடங்கியிருந்தது.

வில்லியனூர்ப் பக்கம் ஒரு பங்க்கில் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, காலையிலேயே போய் வரிசையில் நின்று, ஒரு டின் டீசல் வாங்கிவிட்டாள். பஸ்ஸில் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு வந்தாள். எங்கள் ஊருக்கு வருகிற வழியில் கொஞ்ச தூரம் தமிழ்நாடு குறுக்கிடும். அங்கே பஸ்ஸை நிறுத்தினார்கள்.

"ஒரு ஸ்டேட்லேருந்து இன்னொரு ஸ்டேட்டுக்கு டீசல் கொண்டு போகக் கூடாதும்மா. கடத்தல் கேஸு" என்றான் போலீஸ்காரன்.

"இன்னாது, கடத்தலா? நான் வாங்கினதும் பாண்டிச்சேரி, போறதும் பாண்டிச்சேரிய்யா!"

"இப்ப நிக்கிறது தமிழ்நாடு."

"அப்ப ரோட்டத் தூக்கி அப்பால போடு, நான் சுத்திக்கினு போறேன்!"

பஸ்ஸே சிரித்தது. ஆனால் டின் போனதுதான். வெறுங்கையோடு இறங்கி வந்தவள், "எங்கியோ எவனோ அடிச்சிக்கிறான், எம்மடையில தண்ணி நின்னுபோச்சிடி. நாசமாப் போக!" என்று கத்தினாள். யாரைச் சபித்தாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

மாமா அந்த வருஷம் நிலம் முழுக்கக் கரும்பு வைத்திருந்தார். சர்க்கரை ஆலைக்காரர்கள் தயவிலோ, கறுப்புச் சந்தையிலோ, அவருக்கு டீசல் வந்துகொண்டிருந்தது. அவர் எஞ்சின் ஓடுகிற சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்கும். அம்மா வரப்பில் போய் நின்றாள். நானும் கூட நின்றேன்.

"தம்பி, ஒரு ரெண்டு தண்ணி வுடுறா. பயிரு தப்பிச்சிக்கும்."

மாமா தலையைச் சொறிந்தார். "வுடலாங்க்கா. டீசல் விக்கிற வெலைக்கு... விளையறதுல பாதி குடுத்துரு."

"பாதியா? எங்கிட்டயாடா கேக்குற?"

"வேற யாருன்னா இருந்தா முக்கா பங்கு கேப்பேன்க்கா."

சண்டாளன், அதைச் சலுகை மாதிரிச் சொன்னார்! அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம், "வெட்டி வுடு" என்றாள். அவர் வரப்பை வெட்டினார். தமிழ்நாட்டுத் தண்ணீர் பாண்டிச்சேரிக்குள் வந்தது. அதை நிறுத்த எந்தப் போலீசும் வரவில்லை.

பயிர் பிழைத்தது. சித்திரையில் அறுத்து, களத்திலேயே பாதி மூட்டைகள் மாமா வண்டியில் ஏறின. மீதியை விற்று அம்மா கல்யாணச் செலவைப் பார்த்தாள். சாப்பாட்டு அரிசிக்குத்தான் இழுபறி.

கல்யாணத்தன்று காலையில் மாமா மேளதாளத்தோடு தாய்மாமன் சீர் கொண்டுவந்தார். மாலை, புடவை, பழத்தட்டு, பின்னால் வண்டியில் அரிசி மூட்டைகள். எங்கள் பங்காளி பக்கிரி பந்தலே அதிர, "தாய்மாமன் ஆதிமூலம் சீரு! அரிசி அஞ்சு மூட்டை!" என்று கூவினார்.

"நிறுத்துடா" என்றாள் அம்மா.

மேளம் நின்றது. மணையில் உட்கார்ந்திருந்த நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"ஏண்டா, நீ இந்த வருசம் கரும்புதான வச்ச? கரும்புல அரிசி காய்ச்சிதா?"

மாமா முகம் செத்துப்போனது. "நல்ல நாள்லயாக்கா இதெல்லாம்..."

"எங்கிட்ட புடுங்கின நெல்ல அரைச்சி எனக்கே சீருன்னு கொண்டாந்தியே, கூசல?"

"எனக்கு மட்டும் டீசல் சும்மாவா கெடச்சிது? சொன்ன வெலையத்தான குடுத்தேன்! ஒலகமே அப்படித்தான கீது, நான் இன்னா பண்ணட்டும்?"

"அதத்தாண்டா நானும் கேக்குறேன். டீசல் வித்தவன் ஒன்ன அறுத்தான், நீ என்ன அறுத்த. நான் போயி யார அறுக்கறது? இவளையா?" என்று என்னைக் காட்டினாள். அவள் கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லை.

மாமா திரும்பி நடக்கப் பார்த்தார். அம்மா குறுக்கே போய் நின்றாள்.

"மாலையப் போட்டுட்டுப் போ. மாமன் மாலை எம்பொண்ணுக்கு உரிம. அரிசிய எறக்கு, அது என்னுது. ஒனக்கு எல போட மாட்டேன்."

மாமா எனக்கு மாலை போட்டார். தாலி கட்டி முடிந்ததும், அம்மா அந்த மூட்டைகளைப் பிரித்து உலையில் போடச் சொன்னாள். மத்தியானம் ஊரே உட்கார்ந்து சாப்பிட்டது. அவளோடு ஒரே வயிற்றில் பிறந்தவன் மட்டும் பசியோடு வரப்பைத் தாண்டிப் போனான்.