வேக்குதுப்பா

இது யாரோ கட்டிவிட்ட கதை இல்லை. நடந்த வீடு திருவையாற்றுக்குப் பக்கத்தில், குடமுருட்டி ஆற்றை ஒட்டிய சாலையில் இன்றைக்கும் இருக்கிறது. அன்றைக்கு அங்கே இருந்த மூன்று பேரும் உயிரோடு இருக்கிறார்கள். ஒருவர் மட்டும் இதைப் பற்றிப் பேசுவார். மற்ற இருவரிடம் கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுவார்கள்.

பேய் என்றால் நடுராத்திரி, புளியமரம், நாய் ஊளை என்று எதிர்பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இது முழுக்கப் பட்டப்பகலில் நடந்தது. வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில்.

பஞ்சநதம் குவைத்தில் பல வருடம் லாரி ஓட்டியவர். முதுகு போனதும் ஊருக்கு வந்துவிட்டார். வீட்டில் அவரும் மனைவி ஷோபனாவும்தான். குழந்தை இல்லை. அதற்காக ஏறாத கோயில் இல்லை, பார்க்காத வைத்தியம் இல்லை. பிறகு இருவரும் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்கள்.

கையில் இருந்ததைப் போட்டு அவர் ஒரு பழைய அம்பாசிடர் வாங்கினார். பால் வெள்ளை நிறம், உருண்டை விளக்கு, முன்பக்கம் முழுக்கப் பளபளப்பு. கல்யாண ஊர்வலத்துக்கு இப்போதெல்லாம் இந்த மாதிரிக் கார்களுக்குத்தான் கிராக்கி. அவர் நினைத்தபடியே சவாரிகள் வந்தன.

ஆனால் பழைய காரின் காத்தாடி என்ஜின் பெல்ட்டில் சுற்றுவது. வண்டி ஓடினால் காற்று வரும். நாகஸ்வரக்காரர் நடக்கிற வேகத்துக்கு ஊர்ந்தால் வராது. வைகாசியில் தஞ்சாவூர் கீழவீதியில் ஒரு மாப்பிள்ளை, பெண் ஊர்வலம். பாதி வீதியில் ரேடியேட்டர் கொதித்து, பானெட் இடுக்கெல்லாம் ஆவி கிளம்பிவிட்டது. மணப்பெண் இறங்கிப் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மண்டபத்துக்கு நடந்தே போனாள். யாரோ அதைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டார்கள். அதோடு பஞ்சநதத்துக்குப் போன் வருவது நின்றது.

ஆடி பிறந்தது. கல்யாணம் இல்லாத மாதம். ஆவணிக்குள் சரி செய்யாவிட்டால் காரை விற்க வேண்டியதுதான்.

அதிராம்பட்டினத்துக்காரர் ஜெக்கரியா தஞ்சாவூரில் கார் எலெக்ட்ரிக் வேலை பார்ப்பவர். வீட்டுக்கே வந்து பார்த்தார்.

"இரும்புக் காத்தாடியக் கழட்டிடுவோம்ணே. எலெக்ட்ரிக் ஃபேன் போட்ருவோம். வண்டி நின்னாலும் காத்து அடிக்கும்."

"தாங்குமா பாய்? ஊர்வலத்துல மானம் போயிடக் கூடாது."

"போட்டுக் காட்டுறேன், பாருங்க."

பழைய ஃபேன் வேண்டாம் என்று, பெட்டி பிரிக்காத புது ஃபேனாகவே வாங்கி வந்தார். ரேடியேட்டருக்குப் பின்னால் பட்டை வைத்து முடுக்கினார். சூடு ஏறினால் தானாக ஓடவும், ஆறினால் தானாக நிற்கவும் ஒரு சென்சார். பேட்டரியிலிருந்து நேராக ஒயர். அன்று மத்தியானம் வேலை முடிந்தது.

என்ஜினைப் போட்டு நின்ற இடத்திலேயே ஓடவிட்டார்கள். சூடு காட்டும் மீட்டரில் முள் மெல்ல ஏறியது. டக்கென்று ஒரு சத்தம். ஃபேன் சுற்றியது. முள் இறங்கியது. பஞ்சநதம் அந்த மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தார்.

சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்தினார். ஃபேன் நிற்கவில்லை.

"அது அப்படித்தாண்ணே. சூடு எறங்குற வரைக்கும் ஓடும்," என்றார் ஜெக்கரியா.

ஓடியது. ம்ம்ம்ம்... என்று ஒரே சீராக.

அந்தச் சத்தத்துக்குள்ளிருந்து இன்னொரு சத்தம் வந்தது.

சின்னப் பிள்ளைகள் ஃபேன் முன்னால் வாயை வைத்து 'ஆ' என்று கத்தி விளையாடும் அல்லவா? குரல் துண்டு துண்டாக நறுக்கி வருமே, அந்த மாதிரி.

"ஆ...ஆ...ஆ...ஆ..."

பக்கத்து வீட்டுப் பிள்ளை காருக்கு முன்னால் நின்று விளையாடுகிறது என்று பஞ்சநதம் நினைத்தார். "ஏய், கைய வச்சிடாத!" என்று அதட்டிக்கொண்டே முன்பக்கம் போனார்.

யாரும் இல்லை.

ஃபேன் நின்றது. குரலும் நின்றது.

ஜெக்கரியா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பேரிங் சத்தமா இருக்கும். புதுசுல... சில நேரம் அப்படி வரும்." அவர் கண் பஞ்சநதத்தின் மேல் இல்லை. காரின் பின்சீட்டில் இருந்தது.

சிவப்பு ரெக்சின் சீட்டில் ஓர் ஈரம். தண்ணீர் கொட்டிய மாதிரி இல்லை. வேர்த்த உடம்பு படுத்து எழுந்தால் படியுமே, அப்படி.

சின்ன உடம்பு.

மறுநாள் பஞ்சநதம் வண்டியை எடுக்கவே இல்லை. என்ஜின் பச்சைத் தண்ணீர் போலக் குளிர்ந்து கிடந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு இலை போட்டபோது வாசலில் டக்கென்று சத்தம். ஃபேன் ஓட ஆரம்பித்தது.

போய் பானெட்டைத் திறந்தார். சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணாடி வழியாக உள்ளே மீட்டரைப் பார்த்தார். முள் சிவப்புக் கோட்டில் நின்றது. என்ஜினைத் தொட்டார். ஜில்லென்று இருந்தது.

அப்போது அந்தக் குரல் பேசியது.

"வே...வே...வேக்...குது...ப்பா..."

பெண்பிள்ளைக் குரல். மழலை போகாத குரல்.

"அ...ப்பா... கத...கத...கதவத்... தொற...ப்பா..."

அவரை அதுவரை யாரும் அப்பா என்று கூப்பிட்டதில்லை.

பேட்டரி ஒயரைப் பிடுங்கினார்.

ஃபேன் நிற்கவில்லை.

பின்னால் ஷோபனா நின்றாள். கையில் சாதக் கரண்டி. அவளும் கேட்டுவிட்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. வந்து காரின் நான்கு கதவுகளையும் திறந்தாள். உள்ளேயிருந்து அடுப்பு அனல் மாதிரி ஒரு காற்று வந்தது. கார் நின்றது நிழலில்.

ஃபேன் மெதுவாகி... மெதுவாகி... நின்றது.

ஜெக்கரியாவைக் கூப்பிட்டார்கள். அவர் ஃப்யூஸைக் கழற்றினார். ரிலேயைக் கழற்றிக் கையிலேயே வைத்துக்கொண்டார். மத்தியானம் ஆனதும் அவர் கண் முன்னாலேயே ஃபேன் ஓடியது. வெறும் ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது.

"இந்தக் கார்ல யாரோ செத்திருக்காங்கண்ணே," என்றார் தாழ்ந்த குரலில்.

விசாரித்தார்கள். கார் கும்பகோணத்தில் ஒரே வீட்டில் இருந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள். ஒரு விபத்துகூட இல்லை. ஃபேனோ புத்தம் புதிது. எந்த வண்டியிலும் ஏறாதது. எங்கே தோண்டினாலும் ஒரு சாவும் கிடைக்கவில்லை.

குரல் மட்டும் தினமும் வந்தது.

முதலில் கத்தியது. பிறகு அழுதது. அழுகையில் தட்டுகிற சத்தமும் கலந்து வந்தது. அடுத்த நாள்களில் தட்டுவது குறைந்தது.

ஷோபனா கதவுகளைத் திறந்தே வைத்தாள். இரண்டு நாள் அமைதியாக இருந்தது. மூன்றாம் நாள் கதவெல்லாம் திறந்திருக்கும்போதே ஃபேன் ஓடியது. இனி அதனால் பயன் இல்லை என்று சொல்வது போல.

"ப்பா..."

அவ்வளவுதான் வந்தது.

அதற்கு மறுநாள் வெறும் மூச்சு. நறுக்கி நறுக்கி. ஹ...ஹ...ஹ...

ஷோபனா முன்கிரில்லில் கன்னத்தை வைத்து, "இங்கதாம்மா இருக்கேன்... இங்கதான்டா இருக்கேன்..." என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பிறகு ஃபேன் மட்டும் ஓடியது.

அதில் ஒன்றுமே இல்லை.

அன்றைக்கு ஷோபனா அழுத அழுகையை ஜெக்கரியா இன்னும் மறக்கவில்லை. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள் அப்படித்தான் அழுவாள் என்கிறார்.

அதற்குப் பிறகு கார் சாதாரணமாகிவிட்டது. சூடு ஏறினால் ஃபேன் ஓடும். ஆறினால் நிற்கும். எந்தக் கோளாறும் இல்லை. ஆனால் பஞ்சநதத்தால் அதில் உட்கார முடியவில்லை. ஆடி முடிவதற்குள் பூம்புகார் பக்கத்திலிருந்து ராஜராஜன் என்ற இளைஞன் வந்து கேட்டான். நல்ல பையன். வாய் நிறையச் சிரிப்பு.

ஷோபனா கணவரை உள்ளே கூப்பிட்டாள். "என்னங்க, சொல்லிட்டுக் குடுங்க."

"என்னன்னு சொல்றது? சொன்னா எவன் வாங்குவான்?"

"வாங்காட்டிப் போகட்டுங்க."

அவர் சொல்லவில்லை. ஃபேன் போட்டிருப்பதை மட்டும் பெருமையாகச் சொன்னார். வண்டியை நிறுத்தின பிறகும் கொஞ்ச நேரம் ஓடும், பயப்பட வேண்டாம் என்றார். ராஜராஜன் தலையாட்டிவிட்டு ஓட்டிக்கொண்டு போனான்.

சில வருடங்கள் போயின. ஒரு சித்திரையில் அந்தக் கார் ஜெக்கரியாவின் பட்டறைக்கு வந்தது. ஓட்டி வந்தவன் ராஜராஜனின் மைத்துனன். ரேடியேட்டரைக் காட்டினான்.

"இந்த ஃபேனக் கழட்டிடுங்க."

"ஏன் தம்பி? ஓடலையா?"

"ஓடுச்சுங்க. அதான்."

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். ராஜராஜனும் கல்யாணங்களுக்குத்தான் காரை வாடகைக்கு விட்டான். அழகுக்காக உள்ளே வெல்வெட் தைத்து, பின்கதவுகளின் உள்கைப்பிடிகளை எடுத்துவிட்டு, ஜன்னலுக்குத் திரை போட்டிருந்தான். போன மாதம் ஒரு சவாரி முடிந்து வந்தவன், மத்தியானம் வீட்டு வாசலில் வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டு எதிர்ப் பந்தலில் உட்கார்ந்தான். அவனுடைய மகள் எப்போது பின்சீட்டில் ஏறி ஒளிந்தாள், கதவு எப்போது சாத்திக்கொண்டது என்று யாருக்கும் தெரியாது. ராஜராஜன் பந்தலிலேயே கண்ணயர்ந்துவிட்டான். தூக்கத்தில் ஏதோ சத்தம் கேட்டிருக்கிறது. ஃபேன் ஓடுகிறது, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும் என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் படுத்திருக்கிறான்.

ஜெக்கரியா அன்றைக்கே திருவையாற்றுக்கு வந்தார். ஷோபனாவையும் வைத்துக்கொண்டுதான் சொன்னார். அவள் கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போனாள். பஞ்சநதம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"புள்ளைக்கு என்ன வயசு பாய்?"

"மூணுண்ணே."

"அப்ப... நாம கேட்டப்ப..."

ஜெக்கரியா தலையைக் குனிந்துகொண்டார். அதையும் அவர் மைத்துனனிடம் கேட்டுத்தான் வந்திருந்தார்.

ராஜராஜன் அந்தக் காரை வாங்கியது தன்னுடைய கல்யாணத்துக்காக. அந்த ஆவணி முகூர்த்தத்தில் மாப்பிள்ளையாக அவன் போனதுதான் முதல் சவாரி.