வலி ஏறும் முன்பே மாத்திரை

ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை, தேனியில் ஒரு மருத்துவமனையின் வராந்தாவில் பன்னிரண்டு அடி நடந்தேன். ஒரு கையில் சிறுநீர்ப் பை, இன்னொரு கை நர்ஸின் தோளில். பன்னிரண்டாவது அடியில் சுவரைப் பிடித்து நின்று, "போதும்மா" என்றேன்.

"திரும்பிப் போறதுக்கும் பன்னெண்டு இருக்குல்லக்கா," என்றார் அவர்.

எனக்கு நாற்பத்தாறு வயது. பழனிசெட்டிபட்டியில் வீட்டு முன்னறையில் ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். இரண்டு வருடமாக மாதத்தில் பத்து, பன்னிரண்டு நாள் உதிரப்போக்கு. கருப்பையில் நார்க்கட்டிகள் (புற்றுநோய் அல்லாத தசைக் கட்டிகள்) பெரிதாகிவிட்டன, கருப்பையை எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னபோது நான் அழவில்லை. விட்டது தொல்லை என்றுதான் இருந்தது. எடுத்த பிறகு என்ன என்பதை மட்டும் யோசிக்காமல் இருந்துவிட்டேன். அந்தப் பிறகைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். இதே தழும்போடு படுத்திருக்கும் யாருக்காவது உதவும்.

அடிவயிற்றில் குறுக்காக வெட்டி எடுத்திருந்தார்கள். ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கணவருக்குப் போடியில் ஏலக்காய் கிட்டங்கியில் (குடோனில்) வேலை. காலையில் போனால் பொழுது சாயத்தான் வருவார். அதனால் அவருடைய அக்கா ஜெயமங்கலத்திலிருந்து என்னைப் பார்த்துக்கொள்ள வந்தார். நான் மதினி என்று கூப்பிடுவேன். விவசாயம் செய்கிறவர். இருபது வருடத்துக்கு முன் அவருக்கும் இதே ஆபரேஷன் நடந்திருந்தது.

மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்த்ததும் மதினி முகம் சுளித்தார்.

"இம்புட்டா? கிட்னி போயிரும் செல்வி. தாங்க முடியலேன்னா மட்டும் போடு. நானெல்லாம் பதினஞ்சாம் நாளு களையெடுக்கப் போனவ."

எனக்கும் அது சரியாகவே பட்டது. வலியைப் பொறுத்துக்கொள்வதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பேன். முடியாமல் போகும்போது மாத்திரை போடுவேன். அது வேலை செய்ய ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை அசைய மாட்டேன். அசையாததால் வயிற்றில் வாயு கட்டியது. மலம் இறங்கவில்லை. முக்கினால் தையல் பிரிந்துவிடுமோ என்று பயந்து சாப்பாட்டைக் குறைத்தேன், தண்ணீரையும் குறைத்தேன். வயிறு பறை போல விறைத்தது.

வயிறு தொங்கிவிடக் கூடாதென்று, பிள்ளை பெற்றவளுக்குக் கட்டுவதுபோல மதினி பழைய நூல் சேலையை இறுக்கிக் கட்டிவிட்டார். கட்டுக்கு மேலேயும் கீழேயும் சதை பிதுங்கியது. ஆழமாக மூச்சு இழுக்க முடியவில்லை. காலைத் தொங்கப்போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுதான் சற்றுச் சுலபமாக இருந்தது. பகல் முழுவதும் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

தொழில் புத்தி, தினமும் டேப்பை எடுத்து வயிற்றை அளந்தேன். காலையைவிட மாலையில் இரண்டு அங்குலம் கூடியிருக்கும். உள்ளே ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

பதினோராம் நாள் மத்தியானம் இடது கணுக்காலில் கொலுசு பதிந்து கிடந்தது. வலது காலில் அது எப்போதும்போல ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு கெண்டைக்காலையும் அளந்தேன். இடது கால் ஒன்றரை அங்குலம் அதிகம். அழுத்தினால் வலித்தது.

மதினி விளக்கெண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு வந்தார். "நீர் கோத்திருக்கு. நீவி விட்டா வடிஞ்சிரும்."

"வேணாம் மதினி. ஒத்தக் காலு வீங்குனா தேய்க்காம உடனே வரணும்னு ஆஸ்பத்திரியில குடுத்த சீட்டுல போட்டிருக்காக."

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். நான் கணவருக்குப் போன் செய்தேன். அவர் போடியிலிருந்து நேராக மருத்துவமனைக்கு வந்துவிட, நானும் மதினியும் ஆட்டோவில் போய்ச் சேர்ந்தோம்.

டாக்டர் காலைத் தொட்டுப் பார்த்தார். "ரத்தக் குழாயில ரத்தம் உறைஞ்சிருக்கான்னு ஸ்கேன் எடுத்துருவோம்மா."

"உறைஞ்சிருந்தா?"

"அது நகர்ந்து நுரையீரலுக்குப் போயிராம மருந்து குடுக்கணும். மொதல்ல பாப்போம்."

டாப்ளர் ஸ்கேன் (குழாய்க்குள் ரத்தம் ஓடுவதைக் காட்டும் பரிசோதனை) எடுக்க இருபது நிமிடம் ஆகியிருக்கும். காலில் தடவிய பசை சில்லென்று இருந்தது. கருவிக்குள்ளிருந்து என் ரத்தம் உஸ், உஸ் என்று ஓடும் சத்தம் கேட்டது. அது நின்றுவிடக் கூடாது என்பது தவிர வேறு நினைப்பு வரவில்லை. வெளியே மதினி என் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகக் கணவர் பிறகு சொன்னார்.

உறைவு இல்லை.

டாக்டர் அதைச் சொன்னதும் கணவர் சுவரில் சாய்ந்துகொண்டார். நான் அப்போதுதான் அழுதேன்.

"ஒரு நாளைக்கு எத்தன தடவ நடக்குறீங்க?" என்று டாக்டர் கேட்டார். பாத்ரூமுக்குப் போவதோடு சரி, மற்ற நேரம் நாற்காலிதான், வலி தாங்காதபோதுதான் மாத்திரை, மாலையில் வயிறு வீங்குகிறது என்று எல்லாவற்றையும் சொன்னேன். வயிற்றுக் கட்டை அவரே அவிழ்த்தார்.

"வலி வந்தப்புறம் மாத்திரை போட்டா, அது வலிக்குப் பின்னால ஓடிக்கிட்டே இருக்கும். நேரத்துக்குப் போட்டா வலி ஏறாது. ஏறலேன்னா எந்திரிச்சு நடப்பீங்க. நடந்தா வாயு போகும், காலுல நீர் கோக்காது. வயித்த இறுக்கிக் கட்டி, காலத் தொங்கப்போட்டு உக்காந்தே இருந்ததுல கோத்த நீர்தான் இது. கிட்னி நல்லா இருக்கான்னு ரத்தம் பரிசோதிச்சுத்தான் அளவு எழுதியிருக்கேன். எழுதுன அளவு, எழுதுன நாளு, அவ்வளவுதான். சாயங்காலம் வயிறு வீங்குறது எல்லாருக்கும் ரெண்டு மூணு மாசம் இருக்கும். உள்ள ஆறுதுன்னு அர்த்தம்."

மதினி கதவோரமாக நின்றிருந்தார். "அப்ப எனக்கு யாரும் இப்பிடிச் சொல்லலையே டாக்டரம்மா," என்றார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் மதினி என்னைப் பார்க்காமலே சொன்னார்: "பதினஞ்சாம் நாளு களையெடுக்கப் போனேன்னேன்ல. போனது நெசந்தான். ரெண்டு வரிசை எடுத்துட்டு வரப்புல உக்காந்து அழுதுட்டு வந்தேன். வேற ஆளு இல்ல, போனேன். நீ அப்பிடிக் கெடக்க வேணாம்."

அன்றிலிருந்து மாத்திரை நேரம் மதினியின் பொறுப்பு. "எட்டாச்சு, போடு. போட்டு அரை மணி கழிச்சு நடப்போம்." முதலில் வாசல் வரை. பிறகு தெருமுனை வரை. உட்காரும்போது காலை ஸ்டூலில் தூக்கி வைத்தார். இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளச் சொன்னார். டாக்டர் எழுதிய மலமிளக்கியும், சொம்பு சொம்பாகத் தண்ணீரும். நான்கு நாளில் கொலுசு மறுபடி தளர்ந்தது. மூன்றாம் வாரம் வலி மாத்திரையைக் குறைத்து, பின் நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்திய நாள் ஒன்றும் ஆகவில்லை.

உங்களுக்கு அளவு எழுத வேண்டியது உங்கள் டாக்டர்தான். என் சீட்டைப் பார்த்து நீங்கள் போட வேண்டாம். ஆனால் காய்ச்சல், மூச்சுத்திணறல், ஒரு கால் மட்டும் வீங்குவது, அதிக உதிரம், தையலில் சீழ் என்று எது வந்தாலும் வீட்டில் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஒன்றுமில்லை என்று டாக்டர் திருப்பி அனுப்பினாலும் அது வீண் அலைச்சல் இல்லை.

ஒன்றரை மாதம் கனம் தூக்கவில்லை. இரண்டாம் மாதம் முடிந்துதான் மெஷினில் உட்கார்ந்தேன், அதுவும் அரை மணி நேரம். தழும்புக்கு மேலே நான்கு விரல் அகலத்துக்கு மரத்துக் கிடக்கிறது. தொட்டால் யாரோ ஒருத்தியைத் தொடுவதுபோல இருக்கும். இப்போது அவள் பழகிவிட்டாள். மாதத்தை இந்த நாள், அந்த நாள் என்று பிரித்துக் கணக்கிட்டே முப்பது வருடம் வாழ்ந்தவளுக்கு, எல்லா நாளும் ஒன்றுபோல வருவது முதலில் கூச்சமாகக்கூட இருந்தது.

நான்காம் மாதம் கம்பத்தில் ஒரு கல்யாணம். மதினியும் நானும் பஸ்ஸில் போனோம். சின்னமனூர் தாண்டி ஒரு வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டது. என் இரண்டு கைகளும் தாமாக அடிவயிற்றுக்குப் போயின. வலிக்கவில்லை. பக்கத்தில் பார்த்தேன். மதினியின் கைகளும் அவர் வயிற்றின் மேல் இருந்தன.

"உங்களுக்கு இன்னும் வலிக்குதா மதினி?"

அவர் குனிந்து தன் கைகளைப் பார்த்தார். "இல்லத்தா. எப்பவோ நின்னுபோச்சு," என்றார். கைகளை எடுத்து முன்சீட்டுக் கம்பியில் வைத்துக்கொண்டார். நானும் எடுத்துக்கொண்டேன். அடுத்த வேகத்தடை எப்போது வந்து போனதென்று தெரியவில்லை. நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம்.