கொஞ்சம் நகருங்க, அண்ணே

இட்டுக்கட்டிச் சொல்ல எனக்கு வராது. இதில் வருகிற கோகுலராஜ் இன்றைக்கும் ஹட்டன் பஜாரில் இரும்புக் கடை வைத்திருக்கிறார். போனால் பார்க்கலாம். இடது கால் சற்றுக் குட்டை. பனிமூட்டம் இறங்கும் மத்தியானங்களில் தனியாக இருக்கமாட்டார். இடது பக்கத்தில் யாராவது வந்து உட்கார்ந்தால் எழுந்து போய்விடுவார். ஏன் என்று அவரிடம் மட்டும் கேட்காதீர்கள். கூட இருந்தவர்கள் சொன்னதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அவரிடம் ஒரு கார் இருந்தது. வெள்ளைக்காரத் துரை ஒருவர் விட்டுப்போன பழைய ஸ்போர்ட்ஸ் கார். மேற்கூரை கிடையாது, இரண்டே இரண்டு ஆசனங்கள். பங்களாக் கொட்டிலில் கோழிகள் அடைகாக்கும் இடமாகக் கிடந்ததை வாங்கி வந்து, கொழும்பிலிருந்து சாமான் வரவழைத்து, பச்சை வர்ணம் அடித்து ஓட வைத்தார். அந்தக் கார் பஜாரைக் கடந்தால் கடைக்காரர்கள் எல்லாரும் எட்டிப் பார்ப்பார்கள். அவருக்கு அது போதும்.

ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை. அக்கரப்பத்தனையில் தோட்டத்து ஆபீசில் வேலை பார்க்கும் மைத்துனன் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது, வளைவில் கார் பாதையை விட்டுப் பாய்ந்தது. கோகுலராஜ் தேயிலைச் செடிகளுக்கு நடுவில் தூக்கி எறியப்பட்டுக் கிடந்தார். கார் இன்னும் கீழே, பள்ளத்துக்குள் தலைகீழாகப் போய் விழுந்தது. தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டும் பொன்னையா அவரைக் கண்டு, தன் லொறியிலேயே ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். போலீஸ் வந்து பாதையில் நின்றபடியே பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. மழையில் மண் சரிந்துகொண்டிருந்தது. உடைந்த காருக்காக யார் இறங்குவார்கள்?

நினைவு வர நாலு நாள் பிடித்தது. இடது இடுப்பும் தொடையும் நொறுங்கி, உள்ளே தகடு வைத்திருந்தார்கள். அன்று மத்தியானம் மைத்துனன் வீட்டில் கை கழுவியதுவரை ஞாபகம் இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. வெறும் வெள்ளை.

ஹட்டன் வீடு கடைக்கு மேல் மாடியில். படி ஏற முடியாது. அதனால் மனைவி சுலக்ஷனா அவரை அக்கரப்பத்தனைக்கே, தம்பியின் குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுவந்தாள். பகலில் அவள் கடையைப் பார்க்கப் போய்விடுவாள். தம்பி ஆபீசில். நோயாளியைப் புரட்டிப் போட, கஞ்சி ஊட்ட, துணி மாற்ற, பக்கத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து வீரம்மா என்ற அம்மாள் வந்தாள். கொழுந்து மூட்டை சுமந்து இறுகிய உடம்பு. பேச்சு குறைவு.

"கொஞ்சம் நகருங்க மொதலாளி." விரிப்பை மாற்றும்போது அவள் சொல்வது அது ஒன்றுதான்.

ஒரு நாள் மத்தியானம். மூன்றேகால் இருக்கும். ஜன்னலுக்கு வெளியே தேயிலை மலை மறைந்தது. பனிமூட்டம் கண்ணாடியில் வந்து ஒட்டியது. கண்ணயர்ந்திருந்த கோகுலராஜுக்கு ஒரு சத்தம் கேட்டது.

டிக்... டிக்... டிக்...

கடிகாரம் இல்லை. அந்தச் சத்தம் அவருக்கு நன்றாகத் தெரியும். ஓடி நின்ற எஞ்சின் ஆறும்போது இரும்பு சுருங்கும் சத்தம். எத்தனை சாயங்காலம் அந்தக் காரின் பக்கத்தில் நின்று அதை ரசித்திருக்கிறார்! இப்போது அது கட்டிலுக்கு அடியிலிருந்து வந்தது. கூடவே பெட்ரோல் வாடை. கசங்கிய தேயிலையின் பச்சை வாடை.

மெத்தை இடது பக்கம் மெல்லத் தாழ்ந்தது.

"கொஞ்சம் நகருங்க."

"முடியல வீரம்மா. பெறகு மாத்து" என்றார், கண்ணைத் திறக்காமலே.

கொஞ்ச நேரத்தில் வெளியே தண்ணீர் வாளி வைக்கும் சத்தம் கேட்டது. வீரம்மா அப்போதுதான் பீலியிலிருந்து தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"நீ இப்ப உள்ள வரலியா?"

"இல்லியே மொதலாளி. பீலியில கூட்டம்."

மருந்து மயக்கம் என்று நினைத்துக்கொண்டார். ஆனால் மறுநாளும் பனி இறங்கியது. மறுநாளும் மெத்தை தாழ்ந்தது. இந்த முறை அவர் கண்ணை மூடவில்லை. பக்கத்தில் யாரும் இல்லை. விரிப்பில் மட்டும் ஒரு பள்ளம். அது ஈரமாக இருந்தது.

"அண்ணே... கொஞ்சம் நகருங்க."

வீரம்மா அவரை ஒருநாளும் அண்ணே என்று கூப்பிட்டதில்லை. இது இளம் குரல்.

அந்த வாரத்தில் ஒருநாள் கஞ்சி ஊட்டும்போது வீரம்மாவே வாய் திறந்தாள். அவளுக்கு ஒரே மகள். பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்க்கிற வேலை. டவுனுக்குப் போய்வருகிறேன் என்று போனவள் திரும்பவில்லை. போனும் வேலை செய்யவில்லை. கினிகத்தேனை ஊர்ப் பையன் ஒருவனோடு ஓடிவிட்டாள் என்று லயம் முழுக்கப் பேச்சு.

"போலீஸ்ல சொன்னியா?"

"எதுக்கு? ஓடுனவள இழுத்துட்டு வந்து என்னா செய்ய? நாங்க தல முழுகிட்டோம் மொதலாளி. உடுப்பெல்லாம் போட்டு எரிச்சிட்டேன்."

"மகள் பேரு என்னா?"

"அந்தப் பேர இந்த வாயால சொல்லமாட்டேன்." கரண்டியை வழித்து அவர் வாயில் வைத்தாள். "என்னைக்குப் போனா தெரியுமா? மொதலாளி விழுந்தீங்களே, அதே சனிக்கிழம."

அவர் கஞ்சியை விழுங்காமல் வாயிலேயே வைத்திருந்தார். ஏன் என்று அப்போது புரியவில்லை.

அன்று மூன்றேகாலுக்குப் புரிந்தது.

பனி வந்தது. டிக்... டிக்... மெத்தை தாழ்ந்தது. குரல் இப்போது கரகரத்தது, தண்ணீர் குடிக்காதவர்களின் குரல்போல.

"அண்ணே... இடுப்பு நசுங்குது... நகருங்களேன்..."

வெள்ளை கிழிந்தது. எல்லாம் ஞாபகம் வந்தது.

பஸ் தரிப்பிடத்தில் ஒரு பெண். கையில் குடை. மஞ்சள் சுரிதார். மழை தூற ஆரம்பித்திருந்தது. அவர்தான் நிறுத்தினார். "டவுனுக்கா? ஏறுங்க." அவள் காரைப் பார்த்துச் சிரித்தாள். தயங்கினாள். பிறகு ஏறினாள். பெயர் கேட்டார், சொன்னாள். "அம்மா பாத்தா கொன்னுரும்" என்றாள். அவள் வியந்து பார்த்தது அவருக்குப் பிடித்திருந்தது. வேகத்தைக் கூட்டினார். பனி வந்தது. "மெதுவா அண்ணே" என்றாள். அவர் இன்னும் கூட்டினார்.

வளைவு.

மறுநாள் காலை வீரம்மா வந்து முகம் துடைத்துவிட்டாள். ஈரத்துணியால் கழுத்து, கை, விரலிடுக்கு என்று ஒரு தாயைப்போலத் துடைத்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா மொதலாளி? வலிக்குதா?"

சொல்லிவிடலாம். ஒரே ஒரு வாக்கியம்தான். போலீஸ் வரும். கோர்ட் வரும். யாரோ ஒரு பெண்ணை ஏன் ஏற்றினாய் என்று சுலக்ஷனா கேட்பாள். பஜார் கேட்கும். விழுந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. இனிச் சொல்லி யாரைக் காப்பாற்றப் போகிறோம்?

"ஒண்ணுமில்ல" என்றார்.

அவள் ஊட்டியதை முழுக்கச் சாப்பிட்டார்.

அன்று பனி சீக்கிரமே வந்தது. கதவு, அலமாரி, சுவர் எல்லாம் மங்கின. ஜன்னல் மூடித்தான் இருந்தது. இருந்தாலும் அறைக்குள் பனி.

சத்தம் இல்லை.

குரலும் இல்லை.

மெத்தை மட்டும் தாழ்ந்தது... தாழ்ந்துகொண்டே போனது. அவர் உடம்பு இடது பக்கம் சரிந்தது. கட்டில் சட்டத்தைப் பிடித்தார். அவருக்கு அடியில் ஏதோ இருந்தது. மெலிந்த, குளிர்ந்த ஏதோ ஒன்று. மூச்சு விட்டது.

அவர் அதன்மேல் படுத்திருந்தார்.

அடியிலிருந்து ஒரு கை வந்து தகடு வைத்த இடுப்பைத் தொட்டது. தள்ளியது. பலமில்லாமல்... விடாமல்... தள்ளியது.

"நகருங்க..."

"நகர்றேன்... நகர்றேன்மா..."

"நகருங்க அண்ணே..."

"கோசலா!"

அலறிக்கொண்டே வலது பக்கம் புரண்டார். கட்டிலிலிருந்து சிமெந்துத் தரையில் விழுந்தார். இடுப்பில் ஏதோ முறியும் சத்தம் அவருக்கே கேட்டது.

வீரம்மா ஓடி வந்தாள். தூக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

"இப்ப யார் பேரச் சொன்னீங்க?"

அவர் வலியில் துடித்தார். "தூக்கு... வீரம்மா... தூக்கு..."

"எம்மவ பேரு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் தொடவே இல்லை. தரையில் கிடந்தபடியே அவர் சொல்லி முடித்தார். தரிப்பிடம், குடை, மஞ்சள் சுரிதார், வளைவு, மத்தியானங்களில் வரும் குரல். வீரம்மா வெளியே போனாள். கதவைச் சாத்திவிட்டுப் போனாள். சாயங்காலம் மைத்துனன் வரும்வரை அவர் அந்தத் தரையில் கிடந்தார். கட்டிலில், அவர் படுத்திருந்த இடத்தில், யாரோ புரண்டு படுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் விடிந்ததும் லயத்து ஆண்கள் கயிறு கட்டிப் பள்ளத்தில் இறங்கினார்கள். பச்சைக் கார் தலைகீழாகக் கிடந்தது. அதற்கு அடியில் கோசலா இருந்தாள். இடுப்புக்குக் கீழே காரின் பாரம். மேலே பாதையிலிருந்து பார்த்தால் புதர் மட்டும்தான் தெரியும்.

அவள் விழுந்த உடனே சாகவில்லை. கைக்கெட்டிய தூரம்வரை புல் ஒன்றுகூட மிச்சமில்லை. தேயிலைச் செடி ஒன்றில் இலைகளை உருவித் தின்றிருந்தாள். இரண்டு கைகளாலும் இடுப்புக்குப் பக்கத்தில் மண்ணைத் தோண்டியிருந்தாள். குறைந்தது மூன்று நாளாவது உயிரோடு இருந்திருப்பாள் என்று பரிசோதித்த டொக்டர் சொன்னார்.

வீரம்மா அதைக் கேட்டாள். எரித்துவிட்டதால் மகளுக்குப் போட்டுவிட ஒரு உடுப்பும் வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டில் ஒரு சேலை வாங்கிப் போர்த்தி அடக்கம் செய்தார்கள்.

கோகுலராஜுக்கு மறுபடி ஒப்பரேஷன் நடந்தது. கால் குட்டையானது. வழக்கு இன்னும் நடக்கிறது. வீரம்மா ஒரே ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டிலின் இடது பக்கம் நின்று பார்த்தாள்.

"இன்னும் வாறாளா?"

அவர் ஆமென்று தலையசைத்தார்.

"வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதியிருக்கமாட்டேன். வேகமாக ஓட்டிய ஒருவரின் மனப்பிராந்தி என்று விட்டிருப்பேன். ஆனால் விசாரணையில் சாட்சி சொல்ல லொறிக்காரர் பொன்னையாவைக் கூப்பிட்டார்கள். கோசலாவின் படத்தைக் காட்டினார்கள். இந்தப் பெண்ணை முன்னே பின்னே பார்த்திருக்கிறீரா என்று சும்மா ஒரு வழக்கத்துக்குத்தான் கேட்டார்கள்.

பொன்னையா படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"இந்தப் புள்ளதாங்க பாதையில நின்னு லொறிய நிப்பாட்டுச்சு. மஞ்ச உடுப்பு. மேலெல்லாம் ஈரம். மொதலாளி கெடந்த எடத்தக் காட்டுனதே இதுதாங்க."

அந்த நேரம் கோசலா பள்ளத்தில், காருக்கு அடியில் உயிரோடு கிடந்தாள் என்று டொக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

"நானும் லொறிப் பையனும் அவரத் தூக்கி லொறியில ஏத்துனோம். இதுவும் பின்னாலேயே ஏறி, அவருக்கு இடது பக்கமா ஒக்காந்துச்சு. ஆஸ்பத்திரியில பாத்தா ஆளக் காணோம், எங்கயோ எறங்கிருச்சுன்னு விட்டுட்டேங்க. கெளம்புறதுக்கு முன்ன நான் கேட்டேங்க. 'கீழ காருக்குள்ள வேற யாரும் இருக்காங்களாம்மா, எறங்கிப் பாக்கவா?'ன்னு."

"அதற்கு என்ன சொன்னாள்?"

பொன்னையா படத்தை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"சிரிச்சிச்சுங்க. 'யாருமில்ல, போங்க'ன்னுச்சு."