பங்கு விற்ற மகனும் பிடியரிசிப் பானையும்

"இன்னும் கட்டாத மில்லைக் கட்டிவிட்டதாக நினைக்கவைப்பதுதான் பங்கு விற்கிற தொழில்" என்று எனக்கு முதலில் சொன்னவன் என் மூத்த மகன் தேவசகாயம். யுத்தம் முடிவதற்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தான். நான் முறுக்குக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துச் சிரித்துச் சொன்னான். பிள்ளைகளைப் பட்டணத்து வேலைக்கு அனுப்பிவிட்டு, பஸ்ஸு சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடுகிற என்னைப் போன்ற தாய்மார்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இதில் முதல் மூன்று கதைகளும் அவன் சொன்னவை. மற்றவை நான் கண்டவை.

மூன்று வருஷத்து ஈரம்

பத்தாவது முடித்ததும் ரெட்டியபட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் லீவில் போன வாத்தியாருக்குப் பதிலாக ஆறு மாதம் பாடம் சொல்லிக்கொடுத்தான். வாத்தியார் திரும்பி வந்துவிட்டார். பிறகு அருப்புக்கோட்டையில் பருத்தி அரைத்துக் கொட்டை பிரிக்கிற ஆலையில் சேர்ந்தான். ஒரு சிட்டிகைப் பஞ்சை இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவில் வைத்து இழுத்துப் பிரித்தால் இழையின் நீளம் தெரியுமாம். ஒரு வருஷத்தில் அவன் விரல் அதைப் படித்துக்கொண்டது. கண்ணை மூடிக்கொண்டே எந்தக் காட்டுப் பருத்தி என்று சொல்லுவான்.

ஒரு நாள் பருத்தி வெள்ளாமை செய்கிற ஒரு சம்சாரி எடை கூடட்டும் என்று பொதிக்குள் தண்ணீர் தெளித்துக்கொண்டு வந்திருக்கிறார். இவன் முழங்கை வரைக்கும் கையை விட்டு, "உள்ளே ஈரமா இருக்கே பெரியவரே?" என்று கேட்டிருக்கிறான். அவர் கொஞ்சமும் அசராமல் வானத்தைக் காட்டிச் சொன்னாராம்: "மழை பேஞ்சு மூணு வருஷமாச்சு. உன் கைக்கு மட்டும் ஈரம் எங்கிட்டிருந்துப்பா வந்துச்சு?"

பெண்ணைக் காட்டாத கல்யாணம்

ஆலைக்கு வந்துபோன மதுரைத் தரகர் ஒருவர் இவன் சூட்டிகையைப் பார்த்து, புதுக் கம்பெனிகளின் பங்கு விற்கிற வேலைக்குக் கூட்டிப் போனார். யுத்த காலம். மில் பங்கு என்றால் ஜனங்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்ட நேரம். இவனும் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஊர் ஊராகப் போனான்.

மல்லாங்கிணற்றில் ஒரு பெரிய சம்சாரி வீட்டில் கம்பங்கூழும் மோர்மிளகாயும் கொடுத்து உட்காரவைத்தார்களாம். "மில்லு எங்கப்பா இருக்கு?" என்று அவர் கேட்க, "இனிமேல்தான் கட்டணும்" என்றான். "இடம்?" "பாத்துக்கிட்டு இருக்காக." "மிஷினு?" "சீமையிலேர்ந்து யுத்தம் முடிஞ்சதும் கப்பல்ல வரும்." அவர் கூழை இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லிவிட்டு இவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு சொன்னாராம்: "ஏப்பா, பொண்ணையும் காட்டல, மாப்பிள்ளையையும் காட்டல, மொய்யை மட்டும் இப்பவே எழுதுங்கிறியே!"

விரல் சொன்னது

அதன்பிறகு மதராஸ். கம்பெனி தொடங்குகிறவர்களுக்கு முதல்பணம் திரட்டிக் கொடுக்கிற பெரிய ஆபீஸ். கோட்டுப் போட்டு ஒரு போட்டோ அனுப்பினான். அதை வேதப்புத்தகத்துக்குள் வைத்து ஜெபித்தேன். இடுப்பில் துண்டு கட்டிப் பஞ்சு பார்த்த பிள்ளை இல்லையா!

அங்கே ஒரு மில்காரர் இரண்டாவது மில் போட முதல் திரட்ட வந்திருக்கிறார். மேஜையில் அவர் மில்லில் ஓடுகிற பஞ்சு ஒரு கட்டு இருந்தது. பழக்க தோஷம், இவன் கை அதில் ஒரு சிட்டிகையை எடுத்து இழுத்துவிட்டது. குட்டை இழை; அதில் நைசான நூல் வராது. நல்ல நூல் நூற்கிறோம் என்று அச்சடித்துக் கொடுத்திருந்தது பொய். அவர் போன பிறகு மேலதிகாரியிடம் மெதுவாகச் சொல்லியிருக்கிறான். அவர் சிரித்துக்கொண்டே சொன்னாராம்: "தம்பி, பஞ்சு பார்க்கிற வேலையை நீ உன் ஊரிலேயே விட்டுட்டு வந்துட்டதா நினைச்சேன்."

பானையைக் கவிழ்த்த நாள்

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. உலையில் போடுவதற்கு முன்னால், சமைக்கிறவள் ஒரு பிடி தானியம் எடுத்துத் தனிப் பானையில் போடவேண்டும். அது ஆண்டவருக்கு. பெயர் பிடியரிசி என்றாலும் எங்கள் காட்டில் அதில் விழுவது கம்பும் குதிரைவாலியும்தான். பஞ்சத்திலும் பிடியை நிறுத்தாமல் பதினோரு வருஷம் போட்டு, விற்றுப் பணம் சேர்த்திருந்தோம். ஓலை வேய்ந்த எங்கள் கோயிலுக்கு ஓடு போட வேண்டும் என்று ஆசை. எல்லோருக்கும் மூத்தவள் ஞானப்பூ அக்கா. பண முடிச்சு அவளிடம்தான் இருந்தது.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு, முறுக்கு வெந்துகொண்டிருக்கும்போதே, "பிடியரிசிப் பணத்தை ஒரு மில்லு பங்குல போட்டு ரெண்டு வருஷம் பொறுத்தா ரெட்டிப்பாகும்மா. ஓடும் போடலாம், மணியும் வாங்கலாம்" என்றான் மகன். நான்தான் அவனை அக்காவிடம் கூட்டிப் போனேன். நான்தான், "என் பிள்ளை சொல்லுறான்" என்று முந்திக்கொண்டு பேசினேன். ஞானப்பூ அக்கா முடிச்சை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள்: "நீ பெத்த பிள்ளை வாயில பொய் வருமா தாயி? கொண்டுபோகட்டும்."

மணியார்டர்

மில் எழும்பவில்லை. மில்காரர் திவால் என்று கோர்ட்டுக்குப் போனார். எங்கள் பானை ஒரு பங்குத் தாளாகி, தாளாகவே இருந்துவிட்டது. மகன் ஒரு கடிதம் எழுதினான். "அது அந்தக் குட்டை இழைக்காரர் மில்தான் அம்மா. மேலே இருக்கிறவர்கள் சொன்னதைக் கேட்டேன், என் விரல் சொன்னதைக் கேட்கவில்லை." அதை நான் யாருக்கும் படித்துக் காட்டவில்லை. அக்காவுக்கு மட்டும் படித்தேன்.

அவன் ஊருக்கு வருவதை நிறுத்திக்கொண்டான். மாதாமாதம் மணியார்டர் மட்டும் வந்தது. முதல் மணியார்டரை அப்படியே அக்கா கையில் கொடுத்தேன். அவள் தொடவில்லை. கண்ணில் கோபமும் இல்லை. "உலை வைக்கிற வீட்டுப் பிடிதான் தாயி பானைக்குச் சேரும். இதை வச்சுக்க. அவனை வரச்சொல்லு. உன் கையால அவன் ஒரு வேளை சாப்பிடட்டும். அந்த உலையில எடுத்த ஒரு பிடி போதும், எல்லாம் நேராயிரும்."

மழை

போன ஐப்பசியில் ஞானப்பூ அக்கா ஆண்டவருக்குள் நித்திரையடைந்தாள். மகனுக்குத் தந்தி கொடுத்தோம். வருகிறேன் என்று பதில் வந்தது. அவளைக் கோயிலுக்குள் வைத்திருந்தபோதுதான், மூன்று வருஷமாக எட்டிப் பார்க்காத மழை கொட்டியது. ஓலைக்கூரை ஒழுகி, பெட்டிமேல் சொட்டுச் சொட்டாக விழுந்தது. பெண்கள் நாங்கள் முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒருத்தியும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அது அவர்கள் எனக்குக் காட்டிய இரக்கம்.

அடக்கம் முடிந்து ஈரத்தோடு வீட்டுக்கு வந்தேன். விருதுநகரிலிருந்து லோடு வண்டியில் வந்த பக்கத்து வீட்டுப் பையன் வாசலிலேயே தயங்கி நின்றான். "பெரியம்மா, அண்ணனை ரயிலடியில பாத்தேன். ரொம்ப நேரம் பெஞ்சில உக்காந்திருந்தாக. நம்ம பஸ்ஸு வந்துச்சு, எந்திரிச்சாக. பொறவு மதராஸுக்கே திரும்பிப் போற ரயில்ல ஏறிட்டாக."

முன்பின் தெரியாதவர்கள் வீட்டுக்கெல்லாம் கூசாமல் போய் இல்லாத மில்லை விற்றுப் பெரிய ஆளான பிள்ளைக்கு, இருக்கிற வீட்டுக்கு வரத்தான் கால் எழவில்லை. உங்களில் யாராவது மதராஸ் பக்கம் போனால், பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு கட்டைவிரலையும் சேர்த்துச் சேர்த்துப் பிரிக்கிற ஒரு பிள்ளையைப் பார்த்தால், அம்மா ஞாயிற்றுக்கிழமை உலை வைக்கிறாள், சாப்பிட வா என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.